திருநாள் சூரை

அன்ரனிட்டாவின் கருவாட்டில் குறை கண்டவர்கள் எங்கள் கரையில் ஒருவரும் இல்லை. குறை சொல்லிவிட்டு அவள் வீட்டு ஒழுங்கையால் மறுபடியும் நடந்து போகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது? ஊர்காவற்றுறைக் கடற்கரையில் யார் வீட்டுக் கருவாட்டில் இலையான் மொய்த்தாலும், அவள் படலையடியில் நின்று அந்த வீட்டுக்காரியிடம் விளக்கம் கேட்பாள்.

ஆனால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் போடுகிற கருவாட்டில் மண் கடிபடாது. புழு இருக்காது. மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒருதரம் மூக்கருகே கொண்டுபோனால் போதும், அது நல்ல மீனா கெட்ட மீனா என்று அடித்துச் சொல்லிவிடுவாள். அந்த மூக்கில் அவளுக்கு இருந்த நம்பிக்கை பங்குச் சுவாமியாரின் பிரசங்கத்தில்கூட இருந்திருக்காது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்தோனியார் திருநாளன்று விடிந்ததிலிருந்து, அவருடைய சுரூபம் ஊரைச் சுற்றிவந்து மறுபடியும் கோயிலுக்குள் ஏறும்வரைக்கும், யாரும் மீனில் கத்தி வைப்பதில்லை. இரத்தம் பட்ட கையோடு அவருக்கு முன்னால் போய் நிற்பது மரியாதை இல்லை என்பது நினைப்பு. இதனால் யாருக்கும் நட்டம் வந்ததில்லை, ஏனென்றால் திருநாளுக்கு முந்தின இரவு யாரும் தொழிலுக்குப் போவதும் இல்லை. இந்த வருடம் அன்ரனிட்டாவின் புருஷன் எமிலியானுஸ் போனார். காற்றினால் அவருடைய போட் கனநாள் சும்மா கிடந்தது. அன்றிரவுதான் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது, மனிசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியும்போது போட் நிறையச் சூரையோடு வந்து சேர்ந்தார்.

சூரை உருண்டு திரண்ட மீன். முதுகு கறுப்பு, சதை நல்ல சிவப்பு. நாலு பேர் தூக்கிக் கரையில் போட்டார்கள். திருநாள் என்றபடியால் ஐஸ் லொறியும் வரவில்லை, மீன் எடுக்கிற வியாபாரிகளும் வரவில்லை. கோயில் மணி முதலாம் தரம் அடித்துவிட்டது.

"இஞ்சேரும், கெதியா வெட்டி உப்பைப் போட்டிட்டுப் போவம். வெயில் ஏறப்போகுது," என்றார் எமிலியானுஸ்.

"திருநாளண்டு கத்தி எடுக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் அன்ரனிட்டா. அவள் பூசைக்கென்று வாங்கின புதுச் சேலை உடுத்திருந்தாள். "மீனைத் தந்தவருக்கு முன்னால மீன் இரத்தத்தோட போய் நிக்கச் சொல்லுறியளோ? சாக்கை நனைச்சு மூடிவிடுங்கோ. ஒண்டும் ஆகாது."

எமிலியானுஸ் மூடிவிட்டார். பூவரசு நிழலில், ஈரச்சாக்குக்குக் கீழே சூரை கிடந்தது. அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த சுவாமியார் பிரசங்கத்தை முடிக்க மனமில்லாமல் நின்றார். சுரூபத்தை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி மெழுகுதிரி கொளுத்தினார்கள். பிறகு அன்ரனிட்டாவின் தமையன் வீட்டில் திருநாள் சாப்பாடு. அவள் சேலையை மாற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்தபோது வெயில் மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தது, சாக்கு உலர்ந்து மொறுமொறுத்திருந்தது, பூவரசு நிழல் எப்போதோ விலகிப் போயிருந்தது.

அவள் ஒரு மீனை எடுத்தாள். செவுளைத் தூக்கினாள். மணந்தாள். இன்னொன்றை எடுத்து மணந்தாள். ஒரு பிழையும் இல்லை. "பார்த்தியளே? ஒண்டும் ஆகேல்லை," என்று புருஷனிடம் சொன்னாள். அந்த இடத்தில் நாங்கள் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். பிறகு கத்தியை எடுத்து, வகிர்ந்து, கடல்தண்ணீரில் அலசி, உப்புப் போட்டு, தட்டியில் காயவைத்தாள். வெயில் நல்லாய் எறித்தது. கருவாடு பார்க்கவே வடிவாக வந்தது. அதை அவள் விற்கவில்லை. அந்தோனியார் தந்த மீன், வீட்டுக்கென்றே இருக்கட்டும் என்று தனிச்சாக்கில் கட்டித் தூக்கிவிட்டாள்.

அந்தச் சாக்கு அவிழாமல் இருந்த நாட்களில்தான், வேலணையிலிருந்து சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

அன்ரனிட்டாவின் மகன் மிரோஜன் போட் எஞ்சின் திருத்துகிறவன். யாழ்ப்பாணத்தில் வேலை பழகப் போய்வந்த காலத்தில், வேலணையில் ஏறுகிற ஒரு பெண்ணுக்கு பஸ்ஸில் இடம் பிடித்துக்கொடுக்கத் தொடங்கி, கடைசியில் அவளையே கலியாண எழுத்து எழுதிக் கூட்டிவந்துவிட்டான். பெயர் தர்சனா. தகப்பன் முருகேசுவுக்கு வேலணையில் வயலும் புகையிலைத் தோட்டமும் உண்டு. எழுத்துக்கு அவர் வரவில்லை. "எங்கட பரம்பரையில கடற்கரையோட சம்பந்தம் வைச்சதில்லை," என்று சொல்லியனுப்பினார். சொன்ன ஆள் அதை அப்படியே கொண்டுவந்து அன்ரனிட்டாவின் காதில் போட்டார். இப்படியான செய்திகளை ஒரு சொல்லும் சிந்தாமல் கொண்டுவருவதற்கென்றே ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டு வருடமாகத் தகப்பன் மகளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. தர்சனா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவள் எதைப் பற்றியும் வாய் திறக்கிறவள் இல்லை. மாமி ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பாள், ஏசி முடிந்ததும் வேலையைப் பார்ப்பாள். அன்ரனிட்டாவுக்கு இது முதலில் புழுக்கமாக இருந்தது, போகப்போக வசதியாகிவிட்டது. இப்போது தர்சனா பிள்ளைத்தாச்சி. அதைக் கேள்விப்பட்டுத்தான் தாய் யோகம்மா புருஷனோடு மல்லுக்கட்டி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று ரெலிபோன் எடுத்தாள். அன்றைக்குத் தர்சனா குசினிக்குள் நின்று அழுததை மிரோஜன் மட்டும்தான் பார்த்தான்.

அன்ரனிட்டா வீட்டைத் தலைகீழாக்கினாள். கதிரைகளைக் கழுவினாள், அலுமாரியில் பூட்டிக்கிடந்த பீங்கான்களை எடுத்தாள், முற்றத்தில் கிடந்த வலையை எல்லாம் வேறு வீட்டில் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். அந்த மனிதர் மூக்கைச் சுழிக்க ஓர் இடம் இருக்கக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். சமையல் யார் என்று வந்தபோது அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நீ சமை பிள்ளை," என்றாள் தர்சனாவிடம். "கொப்பருக்கு என்ர கையால திண்டால் தொண்டைக்குள்ள இறங்குதோ என்னவோ. மகளின்ர கையெண்டால் தின்பார். நான் அந்தப் பக்கமே வரமாட்டன்."

"இல்லை மாமி, அப்பா அப்பிடி..." என்று தர்சனா தொடங்கினாள், முடிக்கவில்லை. அப்படித்தான் என்று அவளுக்கும் தெரியும்.

திருநாள் சூரைச் சாக்கை அன்ரனிட்டாவே அவிழ்த்து, நல்லதாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தாள். தர்சனா அதை மாமி சொன்னபடியே கழுவி, துண்டாக்கி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று பொரித்தாள்.

முருகேசு வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காரிலிருந்து இறங்கினார். அன்ரனிட்டாவை உறவுமுறை சொல்லிக் கூப்பிடவில்லை, "சுகமோ?" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். ஆனால் மகளைக் கண்டதும் மனிதருடைய முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "மெலிஞ்சு போனாய்," என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொல் அதுதான். பிறகு எல்லோரும் கதைத்தார்கள். மழை, வெங்காய விலை, போட் எஞ்சின் என்று எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தார்கள்.

சாப்பாட்டில் அவர் கை கருவாட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போனது.

"இது நல்லாயிருக்கு," என்றார். "மிளகு கடிச்ச மாதிரிக் கொஞ்சம் நாக்கிலை சுணைக்குது. ஆனால் நல்லாயிருக்கு."

அன்ரனிட்டா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "இன்னும் போடு பிள்ளை, அப்பாவுக்கு இன்னும் போடு," என்றாள். வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். தர்சனாவுக்குக் கருவாட்டு மணம் அந்த நாட்களில் வயிற்றைக் குமட்டியது, அவளும் தொடவில்லை. எமிலியானுஸ் பல் வலி என்று கஞ்சி குடித்தார். யோகம்மா ஒரு துண்டு எடுத்தாள். மிரோஜன் கொஞ்சம் தின்றான்.

தேத்தண்ணீர் ஊற்ற முதலே முருகேசுவின் முகம் சிவந்துவிட்டது. வெயிலென்று நினைத்து விசிறியைத் திருப்பிவிட்டார்கள். பிறகு கழுத்தும் சிவந்தது, நெஞ்சும் சிவந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சு படபடக்குது," என்றார். எழுந்தவர் கதிரையோடு சரிந்தார். மிரோஜனுக்கும் முகம் தணலாகச் சிவந்து கண்ணைத் திறக்க முடியாத தலையிடி. யோகம்மா கைகளைச் சொறிந்துகொண்டே கத்தினாள்.

"என்னத்தையப்பா குடுத்தனீங்கள்? என்ர மனிசனுக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

அவள் அன்ரனிட்டாவைப் பார்த்துத்தான் கேட்டாள். அயலட்டைச் சனம் வேலியடிக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் கழுவித் துடைத்து வைத்த வீடு, இத்தனை பேர் பார்க்க, நஞ்சு கொடுத்த வீடாக நின்றது. அன்ரனிட்டாவின் வாயிலிருந்து அந்தச் சொல் அப்போதுதான் வந்தது.

"உங்கட மகள்தான் சமைச்சது. நான் குசினிப் பக்கமே போகேல்லை. கருவாட்டை வடிவாக் கழுவு எண்டு சொன்னனான். கழுவினவளோ ஆருக்குத் தெரியும்?"

தர்சனா தகப்பனுடைய தலையைத் தாங்கிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து, "ஓம் அம்மா. நான்தான் வடிவாக் கழுவேல்லைப் போலை," என்றாள்.

அவள் கழுவினதை அன்ரனிட்டா கிணற்றடியில் நின்று தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

காரை ஓட்டிவந்த ஆளே விழுந்துவிட்டபடியால், பக்கத்து வீட்டு ஓட்டோவிலும் இன்னொரு ஓட்டோவிலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டொக்ரர் ஓர் இளம் பெண். முருகேசுவைப் பார்த்த உடனே, "மீன் ஏதும் சாப்பிட்டவரோ?" என்றுதான் கேட்டாள். ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, பிரஷருக்குக் குளிசை எடுக்கிற ஆள் என்றபடியால் அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்தாள். மிரோஜனுக்கும் யோகம்மாவுக்கும் மருந்து கொடுத்தாள். பின்னேரம் முருகேசு கண்ணை விழித்து, தண்ணீர் கேட்டார். யோகம்மா அப்போதுதான் அழுகையை நிறுத்தினாள்.

"நான்தான் டொக்ரர் சமைச்சது," என்றாள் தர்சனா. "வடிவாக் கழுவேல்லை."

டொக்ரர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கழுவினாலும் இதுதான் நடந்திருக்கும் பிள்ளை. சமைச்ச ஆளில ஒரு பிழையும் இல்லை."

கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அன்ரனிட்டா கால்மாட்டில் நின்றாள்.

"புரதம் புரதம் எண்டு சொல்லுறம்," என்றாள் டொக்ரர். "அது அமினோ அமிலம் எண்டுற சின்னச் சின்னத் துண்டுகளாலதான் ஆனது. எங்களுக்குத் தேவையானது. சூரை மாதிரிச் சிவப்புச் சதை மீன்களில ஹிஸ்ரிடின் எண்டு ஒரு அமினோ அமிலம் கூடுதலா இருக்கு. அது நல்ல சாமான். ஆனா மீன் செத்தாப் பிறகு வெக்கைக்குள்ள கிடந்தால், கிருமியள் அந்த ஹிஸ்ரிடினை ஹிஸ்ரமின் எண்டு வேறொண்டா மாத்திப்போடும். அதுதான் இந்தச் சிவப்பு, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு எல்லாத்துக்கும் காரணம்."

"மணம் ஒண்டும் இருக்கேல்லையே?" என்றாள் அன்ரனிட்டா. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"மணக்க வேணுமெண்டில்லை அம்மா. பாத்தால் நல்ல மீன் மாதிரித்தான் இருக்கும். அதுக்குப் பிறகு உப்புப் போடுங்கோ, வெயிலில காயவையுங்கோ, எண்ணெயில பொரியுங்கோ, கிருமிதான் சாகும். ஹிஸ்ரமின் போகாது. அது உயிருள்ள சாமான் இல்லைத்தானே, சாகிறதுக்கு? பிடிச்ச உடனை வெட்டி உப்புப் போட்டிருக்க வேணும், இல்லாட்டி ஐசில வைச்சிருக்க வேணும். இந்த மீன் கனநேரம் சூட்டுக்குள்ள கிடந்திருக்கு." டொக்ரர் எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள். "ஆர் போட்ட கருவாடு இது?"

அன்ரனிட்டாவுக்கு உலர்ந்து மொறுமொறுத்த சாக்கும், விலகிப்போன நிழலும், புதுச் சேலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவளுடைய மூக்கு, ஊர் முழுக்க அவள் நீட்டிப் பிழைபிடித்த அந்த மூக்கு, ஒன்றுக்கும் உதவாத மூக்காக முகத்தில் இருந்தது. எமிலியானுஸ் அவளைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். கட்டிலில் கிடந்த முருகேசு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"நான் வாங்கினது டொக்ரர்," என்றாள் தர்சனா. "யாழ்ப்பாணம் போகேக்கை றோட்டுக்கரையில ஒரு ஆளிட்டை வாங்கினனான். ஆளைத் தெரியாது. மாமிக்கு இதொண்டும் தெரியாது. மாமியின்ர கருவாட்டை எடுக்கக் கூச்சமா, அந்தரமா இருந்தது, அதுதான்."

அன்ரனிட்டா வீட்டில் கடைக்கருவாடு! எங்கள் கரையில் ஒரு குழந்தைப்பிள்ளையும் இதை நம்பாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலணைக்காரர், நம்பிவிட்டார்கள். மிரோஜன் வாயெடுக்கப் போனான், தர்சனா கண்ணால் மறித்துவிட்டாள்.

"உனக்கு அறிவிருக்கோ?" என்றார் முருகேசு, படுத்த படுக்கையில். குரல் இன்னும் தேறவில்லை. "கருவாடு போடுற வீட்டுக்குள்ள இருந்துகொண்டு றோட்டில வாங்கினியே? இந்த மனிசி உன்னை நம்பிக் குசினியைத் தந்துது. அவவின்ர பேரையும் கெடுத்து, என்னையும் சாகக் கொல்லப் பாத்தனீ."

தர்சனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எதற்காக என்று அன்ரனிட்டாவுக்கு நன்றாக விளங்கியது. அந்தக் கருவாடு மாமி போட்டதென்று தெரிந்தால் தகப்பன் அந்தப் படலையை இனி மிதிக்க மாட்டார். மகள் செய்த பிழையென்றால் ஏசிவிட்டு மன்னிப்பார். அவள் தகப்பனைக் கைநழுவ விடாமல் வைத்திருக்கத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். அப்படி விளங்கிக்கொள்வது அன்ரனிட்டாவுக்கு வசதியாகவும் இருந்தது. அப்படியே இருக்கட்டும், பிள்ளையின் நன்மைக்குத்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எமிலியானுஸ் திருநாள் சூரைச் சாக்கை அவிழ்த்து, மிச்சத்தை எல்லாம் கொல்லைக்குள் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டார். "நான் அண்டைக்கே சொன்னனான்," என்று அவர் சொல்லியிருந்தால் அன்ரனிட்டா ஒரு சண்டை பிடித்து மனத்தை ஆற்றியிருப்பாள். அவர் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். அவள் சோறு போட்டாள், தின்ன ஏலவில்லை. செபமாலையை எடுத்தாள், அந்தோனியாரின் படத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. மீனை அவருக்காகவா காக்க வைத்தாள், அல்லது சேலையில் இரத்தம் படக்கூடாதென்றா? இதை அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் முருகேசுவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். கார் அன்ரனிட்டா வீட்டு முற்றத்தில் நின்றபடியால் எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். அன்ரனிட்டா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முருகேசு நேற்றைய கதிரையிலேயே இருந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி," என்றார்.

அவர் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

"நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். நேற்று அந்த மயக்கத்துக்குள்ள, இவங்கள் வேணுமெண்டு என்னவும் செய்துபோட்டாங்களோ எண்டுகூட நினைச்சன். வயசுபோன மனிசன் அப்பிடி நினைச்சிருக்கக் கூடாது. மனசில வைச்சிருக்காதேங்கோ."

"ஐயோ அண்ணை, அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அன்ரனிட்டா. நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இல்லை, சொல்லத்தான் வேணும். உங்கட கருவாட்டைப் பற்றி வேலணை வரைக்கும் கதைக்கினம். அதில கொஞ்சம் தாங்கோ, கொண்டுபோறன். எங்கட சனத்துக்குக் காட்டவேணும், சம்பந்தி வீட்டுச் சாமான் இதுதான் எண்டு."

அன்ரனிட்டா உள்ளே போனாள். வேறு நாளில் போட்ட கட்டா மீன் கருவாடு அங்கே இருந்தது. பிடித்த கையோடு வெட்டி, உப்புப் போட்டு, ஒழுங்காகக் காயவைத்தது. அதில் ஒரு பழுதும் இல்லை. அதைக் கொடுத்தால் இந்தக் கதை இதோடு முடிந்துவிடும், முருகேசு சந்தோசமாகப் போவார், இனி வந்தும் போவார். அவள் நல்லதாகப் பார்த்து எடுத்து, பேப்பரில் சுற்றி, நூலால் கட்டினாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். பிறகு, கதவு நிலையோடு சாய்ந்து நின்ற மகளைக் கூப்பிட்டார்.

"இதைப் பார். இதுதான் கருவாடு. இதை வைச்சுக்கொண்டு அந்தக் கண்டறியாத குப்பையை எனக்குப் போட்டனீ. இந்த மனிசியின்ர முகத்தைப் பார்க்க உனக்கு வெக்கமாயில்லையே?"

தர்சனா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நேற்று நின்றமாதிரியே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மிரோஜன், "காணும் மாமா, விடுங்கோ," என்று எழும்பினான்.

"அவளை ஏசாதேங்கோ," என்றாள் அன்ரனிட்டா. "அது நான் போட்ட கருவாடுதான்."

முருகேசுவுக்கு விளங்கவில்லை. "எது?"

"நேற்று நீங்கள் திண்டது. றோட்டில ஒண்டும் வாங்கேல்லை. திருநாளண்டு வந்த சூரை. வெட்டிப்போட்டுப் போவம் எண்டு இவர் சொன்னவர், நான்தான் மறிச்சனான். பூசையும் சுத்துப்பிரகாரமும் விருந்தும் எண்டு எல்லாம் முடியுமட்டும் வெயிலுக்குள்ள கிடந்தது. மணந்து பாத்தனான், மணக்கேல்லை. அதால நல்ல மீன் எண்டு நினைச்சன். பிள்ளை நான் சொன்னமாதிரியே கழுவினவள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

முருகேசு கையிலிருந்த பொட்டலத்தைக் குனிந்து பார்த்தார், அதைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். கோபப்படுவார் என்று அன்ரனிட்டா காத்துக்கொண்டு நின்றாள். கோபப்பட்டால் நல்லது என்றும் நினைத்தாள்.

"வெயிலுக்குள்ள கிடந்த மீன் இப்பிடிச் செய்யுமெண்டு உங்களுக்குத் தெரியாது," என்றாள் யோகம்மா. அவள் கத்தவில்லை, நேற்றைய கத்தலே பரவாயில்லை என்றிருந்தது. "டொக்ரர் சொல்லுமட்டும் எங்களுக்கும் தெரியாது. ஆருக்கும் வரக்கூடியதுதான். ஆனா பிள்ளை கழுவினதை உங்கட கண்ணால பாத்தனீங்கள். பாத்துப்போட்டு, கழுவினவளோ ஆருக்குத் தெரியும் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

கருவாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லலாம் என்றுதான் அன்ரனிட்டா நினைத்து வைத்திருந்தாள்.

"வெக்கத்தில, அக்கா."

"வெக்கமெண்டால் பேசாமல் இருந்திருக்கலாம். என்ர பிள்ளையின்ர தலையில ஏன் போட்டனீங்கள்?"

அன்ரனிட்டா தர்சனாவைப் பார்த்தாள். பொய் சொல்ல இடமிருந்தது. பதட்டத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவர்களும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

"அவள் திருப்பிக் கதைக்கமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள்.

சொன்ன பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எமிலியானுஸ் எழுந்து முற்றத்துக்குப் போனார். முருகேசுவும் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வழி முழுக்க அவரும் அவளைத்தான் ஏசிக்கொண்டு வந்தவர், அவரிடமும் அவள் திருப்பிக் கதைக்கவில்லை.

தர்சனா அழவில்லை.

"அம்மா, நானும் உங்களோட வாறன்," என்றாள்.

மிரோஜன், "தர்சனா," என்றான். அவள் அவனுடைய கையைப் பிடித்து அமர்த்திவிட்டு அறைக்குள் போனாள். அவன் பின்னால் போனான். உள்ளே அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று வெளியே கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது, அவள் கையில் உடுப்புப் பை இருந்தது.

போகாதே பிள்ளை என்று சொல்ல அன்ரனிட்டாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டும். அவள் போய்ப் பையில் கை வைத்தாள். பிள்ளைத்தாச்சி பாரம் தூக்கக் கூடாது. தர்சனா பையை விட்டுக்கொடுத்தாள். அன்ரனிட்டா அதைக் காருக்குக் கொண்டுபோனாள். வேலியடியில் அயலட்டை நின்றது, அவள் யாரையும் பார்க்கவில்லை. யோகம்மா ஏறினாள், முருகேசு ஏறினார். கட்டாக் கருவாடு வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

"எப்ப பிள்ளை வருவாய்?" என்றாள் அன்ரனிட்டா. கெஞ்சுகிற குரல் அவளுக்குப் பழக்கமில்லை, அது கரகரத்தது.

தர்சனா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி ஏதும் கேட்டால் வழக்கமாக நிலத்தைப் பார்த்து "ஓம் மாமி" என்பாள், இல்லாவிட்டால் சும்மா இருப்பாள். இந்தமுறை நேராக முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாது, மாமி," என்றாள்.